ஆறாவது கடி

நாயின் காதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கோகிலவாணிக்குப் பிடிக்காமல் போனது அதுதான்.

சாக்கடைப் பாலத்துக்கு அடியில் படுத்திருந்த அந்தச் செவலை நாய்க்குத் தெருவில் கண்டக்டர் என்று பெயர். முக்கில் நின்று கிளம்புகிற ஒவ்வொரு டவுன் பஸ்ஸின் பின்னாலும் கொஞ்ச தூரம் ஓடிப்போய் அனுப்பி வைத்துவிட்டுத் திரும்பும். ஐந்து வருசமாக அவள் வீட்டுக்காரர் திருமூர்த்தியின் கையால் வர்க்கி ரொட்டி தின்று வளர்ந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ராத்திரித் தறி ஓட்டி முடித்து டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய கெண்டைக்காலை அதே நாய்தான் கவ்வியது. குரைக்கவில்லை, உறுமவில்லை. கடித்துவிட்டு ஒன்றுமே நடக்காதது மாதிரி பாலத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இன்றைக்கு வியாழன். இரண்டு நாளாக எந்த பஸ்ஸுக்கும் அது எழுந்திருக்கவில்லை. உடைந்த செங்கல் ஒன்றைப் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தது. வாயோரத்தில் எச்சில் நூல் மாதிரி தொங்கியது. இருந்தும் காதில் பச்சை.

சேடர்மேடு பேரூராட்சியில் காதில் வில்லை இல்லாத நாய் கிடையாது. எட்டு வருசத்துக்கு முன்னால் திட்டம் வந்தபோது ஒரு நாய் விடாமல் பிடித்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்றைக் காதில் குத்திவிட்டுப் போனார்கள். பிறகு பிறந்த குட்டிகளுக்கும் வருசா வருசம் வந்து குத்தினார்கள். நாய்க்கு வெறிநோய் இருக்கிறதா என்று அந்த வில்லை பார்த்துக்கொண்டே இருக்குமாம். பச்சை எரிந்தால் நாய் சுத்தம். பச்சை நாய் கடித்தால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் குழாயடியில் கழுவினால் போதும், ஊசி கிடையாது. சிவப்பு எரிந்தால் கடிபட்டவர்களுக்கு ஊசி, நாய்க்குக் கூண்டு, தெருவுக்குப் பத்து நாள் அடைப்பு. பேரூராட்சி வாசலில் நீலப் பலகையில் எழுதிப் போட்டிருக்கிற விதி இவ்வளவுதான்.

அந்தப் பலகையைப் படித்துவிட்டு ஊரே நிம்மதியாகத் தூங்கியது. கோகிலவாணியால் முடியவில்லை. அவள் பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டுப் பார்க்கிறவள். கறிக்கடைத் தராசில் முள் நின்ற பிறகும் தட்டைத் தூக்கி அடியில் பார்க்கிறவள். திருமூர்த்தி அவளுக்கு வைத்திருக்கிற பெயர் சி.ஐ.டி.

"ஏனுங்க, அந்த நாயப் போயிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பச்சதான் எரியுது." திருமூர்த்தி காலை நீட்டி உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"நாயப் பாத்தீங்களான்னு கேட்டேன். லைட்டக் கேக்கல."

"சி.ஐ.டி. கெளம்பிருச்சுடா சாமி. கவர்மெண்டு மெசினுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சு போச்சாக்கும்."

"செங்கல்லக் கடிக்குதுங்க அது."

"பசியா இருக்கும்."

"பசிச்சா வர்க்கி திங்கும். நேத்து நாந்தான் போட்டேன். மோந்துகூடப் பாக்கல."

சட்னி நல்லாருக்குது என்றார். கடித்த அன்றைக்கு இந்த மனிதர் சுண்ணாம்பைத் தடவிவிட்டுப் படுக்கப் பார்த்தார். அவள்தான் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்க் குழாயடியில் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிசம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். போனில் புகாரையும் அவளேதான் பதிந்தாள். பதிந்ததும் வந்த பதில், 'நாய் எண் 4417, பச்சை. கவலை வேண்டாம்.'

கவலை வேண்டாம் என்று ஒரு மிசின் சொன்னதுதான் அவளுக்குக் கூடுதல் கவலையாகிவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் இன்பவல்லி எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பச்சைங்க்கா. பச்ச நாய்க்கு ஊசி இல்லீங்க்கா."

"ஊசி இருக்குதா, இல்லையா?"

இன்பவல்லி மூலையில் இருந்த குளிர்பெட்டியைக் கண்ணால் காட்டினாள். சாவித் துவாரமே இல்லாத பெட்டி. "உள்ளாரதான் இருக்குது. நாய் நம்பர் செவப்பானாத்தான் கதவு தொறக்கும். எங்கிட்டச் சாவி இல்லீங்க்கா. டாக்டர்கிட்டயும் இல்ல."

"வெளிய காசு குடுத்துப் போட்டுக்கறோம்."

"வெளியயும் இதே பொட்டிதானுங்க. நீங்க கோயமுத்தூரே போனாலும் மொதல்ல நாய் நம்பரத்தான் கேப்பாங்க."

"ஏங் கண்ணு, உன்ற வீட்டுக்காரரக் கடிச்சிருந்தா நீ என்ன பண்ணுவ?"

இன்பவல்லி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேரூராட்சி ஆபீசுக்குப் பின்னால ஃபெலிக்ஸுன்னு ஒருத்தரு இருக்காரு. வில்லைக்கு பேட்டரி மாத்தறவரு. அவரப் போயிக் கேளுங்க" என்றாள். "நாஞ் சொன்னேன்னு சொல்லிராதீங்க்கா."

பேட்டரி மாற்றுகிற ஆளைப் பார்க்கச் சொல்ல எதற்கு இந்தப் பொண்ணு இப்படிப் பயப்படுகிறாள்? கோகிலவாணி அதையும் மனதில் முடிந்துகொண்டு நடந்தாள்.

ஃபெலிக்ஸ் தகரக் கொட்டகையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். மேசை முழுக்கப் பழைய வில்லைகள் புளியங்கொட்டை மாதிரிக் கிடந்தன.

"தம்பி, 4417 வில்ல ரிப்பேரு. வந்து பாருங்க."

"ரிப்பேரெல்லாம் இருக்காதுக்கா. ரிப்பேர் ஆறதுக்கு உள்ள ஏதாச்சும் இருக்கணுமே" என்று சிரித்தவன், சிரிப்பைப் பாதியில் முழுங்கினான்.

கோகிலவாணி பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "உள்ள என்ன இருக்குது?"

"அக்கா, சாப்புடற நேரம்..."

"சாப்புடுங்க. நா இருக்கேன்."

அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது வாய் இறங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு வில்லையை நகத்தால் நெம்பித் திறந்து அவள் உள்ளங்கையில் கவிழ்த்தான். ஒரு பேட்டரி, ஒரு குட்டி விளக்கு, அரிசி அளவுக்கு ஒரு சில்லு.

"இந்தச் சில்லு நாய் எங்க இருக்குதுன்னு சொல்லும். அவ்வளவுதான்க்கா."

"வெறியப் பாக்கறது?"

"மொத ரெண்டு வருசம் எச்சியச் சோதிக்கற ஒண்ணு உள்ள இருந்துச்சு. மாசாமாசம் நாயப் புடிச்சு மாத்தோணும். ஆளு பத்தல. அப்பறம் மேல இருக்கற ஒருத்தரு ஒரு கணக்குச் சொன்னாரு. வெறிநாய் இருக்கற தெருவுல கடி ஜாஸ்தியாகும். கடி ஜாஸ்தியானா புகார் ஜாஸ்தியாகும். அப்பப் புகார எண்ணுனாப் போதுமே, எச்சி எதுக்குன்னாரு." அவன் வில்லையைத் திரும்ப மூடினான். "கணக்கு சரிதான்க்கா. புகார்னு ஒண்ணு வந்தா."

"எத்தன புகாரு வந்தாச் செவப்பாகும்?"

"ஆரம்பத்துல எல்லாத் தெருவுக்கும் மூணு. புகாரே வராத தெருவ மெசின் நல்ல தெருன்னு எடுத்துக்கும். நல்ல தெருவுல திடீர்னு ஒண்ணு ரெண்டு வந்தா, யாரோ சண்டையில பொய்யாப் போடறாங்கன்னு நெனச்சுக்கும்." போனில் தேடிப் பார்த்தான். "உங்க தெருவுக்கு இப்ப ஆறு. ரெண்டு மாசத்துக்குள்ள ஆறு பேரு பதியணும். ரொம்ப நல்ல தெருக்கா நீங்க."

"இப்ப எத்தன இருக்குது?"

"ஒண்ணு. உங்க வீட்டுக்காரருது."

அவள் எழுந்தாள். "அப்ப இன்னும் அஞ்சு பேரு பொய் சொல்லோணும்."

"நான் எதுவும் சொல்லலக்கா." ஃபெலிக்ஸ் கையெடுத்துக் கும்பிட்டான். "காயத்த ஃபோட்டோ புடிச்சுப் போடச் சொல்லும். அதையும் நான் சொல்லல."

தறி ஓட்டுகிறவர்கள் காலில் காயத்துக்கா பஞ்சம்? அந்தத் தைரியத்தில்தான் அவள் தெருவுக்குள் நுழைந்தாள். இருபத்திரண்டு வீடு. வீட்டை ஒட்டியே தறிக் குடோன். ராத்திரியும் பகலும் தடதடவென்ற சத்தம். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசியே இந்தத் தெருக்காரர்களுக்கு ரகசியம் பேசக்கூடத் தொண்டை பெரிதாகிவிட்டது.

மூன்று வீட்டில் கதவுக்கு வெளியிலேயே நிறுத்திப் பதில் சொல்லிவிட்டார்கள். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. நாலு வருசத்துக்கு முன்னால் மேட்டுத் தெருவில் சிவப்பு எரிந்தது. பத்து நாள் வண்டி உள்ளே போகவில்லை, நெய்த துணி வெளியே வரவில்லை. பதினோராம் நாள் தெருவை மறித்த கட்டையை எடுத்தபோது ஆர்டரெல்லாம் வேறு ஊருக்குப் போயிருந்தது. அங்கே தறி ஓடிய குடோன்களில் இப்போது கோழித் தீவனம் அடுக்கியிருக்கிறார்கள். அதற்கப்புறம் சேடர்மேட்டில் ஒருத்தரும் புகார் பதிந்ததில்லை.

நாலாவது வீடு பிரேமலதாவுடையது. கோகிலவாணியோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவள்.

"உன்ற வீட்டுத் தறி முந்தாநாளே நூல் தீந்து நின்னு போச்சு. அதான் எங்க தறியும் நிக்கோணும்னு பாக்கற" என்றாள் எடுத்த எடுப்பில்.

"என்ற வீட்டுக்காரருக்கு ஊசி வேணும் பிரேமா. வேற ஒண்ணுமில்ல. உன்ற காலுல ஏதாச்சும் கீறல் இருந்தா ஒரு ஃபோட்டோ. வெறி ஏறி நாளைக்கு அவரு தண்ணியக் கண்டாலே மெரள ஆரம்பிச்சுட்டா, அப்பறம் எந்த ஊசியும் கேக்காது..."

"ஒண்ணும் ஆகாது. அந்த நாய் கடிச்சா வலிக்கவே வலிக்காது. வீட்டுக்கு வந்து பாத்தாத்தான் ரத்தமே தெரியும். பச்சதான எரியுது, உடு."

சொல்லிவிட்டுப் பிரேமலதா உள்ளே திரும்பினாள். கோகிலவாணி நகரவில்லை.

"வலிக்காதுன்னு உனக்கெப்புடித் தெரியும்?"

"என்னது?"

"அவரு யாருகிட்டயும் அப்புடிச் சொல்லல. அவருக்கு வலியில உசுரே போச்சு. உனக்கு யாரு சொன்னா?"

பிரேமலதா கதவைச் சாத்தப் பார்த்தாள். கோகிலவாணி காலை இடையில் வைத்தாள். பிறகு பிரேமலதா சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினாள். காப்பித்தூள் வைத்துக் கட்டிய துணி. துணியைத் தாண்டி வீங்கியிருந்தது.

"எப்ப?"

"வெள்ளிக்கெழம."

"ஏண்டி சொல்லல?"

"பச்ச எரிஞ்சுதே! பச்ச நாய்க்குச் சொல்லி என்ன ஆகப் போகுது? வீணா நாலு பேரு பயந்து, தெரு கெட்ட பேரு வாங்கி..."

"ஐயோ பிரேமா." கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பச்ச எரியுதுன்னு நீ சொல்லல. நீ சொல்லாததாலதான் பச்ச எரியுது. அதுக்குள்ள வேற ஒண்ணுமே இல்லடி. நாம வாய மூடிட்டு இருக்கறதத்தான் அது லைட்டுப் போட்டுக் காட்டுது."

பிரேமலதாவுக்குப் புரிய ஒரு நிமிசம் ஆனது. புரிந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தெருவுக்கு நடுவில் மின்சாரப் பெட்டி இருந்தது. எல்லாக் குடோனுக்கும் லைன் அங்கிருந்துதான் போகிறது. கோகிலவாணி நேராகப் போய்க் கைப்பிடியைக் கீழே இழுத்தாள்.

இருபத்திரண்டு குடோனும் ஒரே மூச்சில் நின்றன. அந்த நிசப்தத்துக்குப் பயந்தே ஆட்கள் வெளியே ஓடி வந்தார்கள்.

"எவன்டா அது கையி வெச்சது?"

"நாந்தானுங்க." அவள் பெட்டிக்குக் குறுக்கே நின்றாள். ஃபெலிக்ஸ் சொன்னதை, அவன் பெயரை விட்டுவிட்டு, அப்படியே சொன்னாள். பொய்ப் புகார் கேட்டுத்தான் வந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. "இப்ப எனக்குப் பொய் வேண்டாம். யாரயெல்லாம் கடிச்சுதோ அவிய மட்டும் முன்னால வாங்க. செவப்பு எரிஞ்சாத்தான் எல்லாருக்கும் ஊசி."

பிரேமலதா நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றாள். அவளைப் பார்த்ததும், தறிக்கு நூல் தார் சுற்றுகிற ருக்மணி செருப்பைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினாள். சம்பத் லுங்கியைத் தூக்கினான். அவன் அண்ணன் மனோகரன் திகைத்துப்போய்ப் பார்த்தான்.

"டேய், சைக்கிள்ல இருந்து உழுந்தேன்னு சொன்ன?"

"நீ மட்டும்? பல்லுச்சக்கரத்துல மாட்டிக்கிச்சுன்னியே, அந்தக் கட்ட அவுறு பாக்கலாம்."

மனோகரன் முழங்கைக் கட்டை அவிழ்த்தான். நாலு பல் பதிந்திருந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டத்தில் சாப்பிடுகிறவர்கள்.

ஐந்து. திருமூர்த்தியைச் சேர்த்து ஐந்து. கோகிலவாணி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். வேறு யாரும் வரவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதிர்நாயகம் வந்தார். பதினாறு தறிக்குச் சொந்தக்காரர், தறிச் சங்கத் தலைவர். வெள்ளைச் சட்டை, எப்போதும் மாறாத நிதானம்.

"ஆறு வேணும், அஞ்சுதான இருக்குது? அப்பறம் என்ன, சாமியே ரோசன பண்ணச் சொல்லுது. பத்து நாளு தறி நின்னா இந்தத் தெருவுல எத்தன அடுப்பு எரியும்? சொல்லு கோகிலா. ஸ்விட்சப் போடு கண்ணு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஐந்து பேரின் காயத்தைப் பார்த்தபிறகும் நாயைப் பற்றி இந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லையே?

"அண்ணா, உங்க நாயி கருப்பன் எங்கீங்க? பாத்து ரொம்ப நாளாச்சு."

"தோட்டத்துல கட்டிப் போட்டிருக்கேன். அதுக்கென்ன? சந்தேகம்னா போன்ல பாத்துக்கோ. பச்சதான்."

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். பச்சைதான். ஆனால் நாய் நிற்கிற இடத்தைக் காட்டுகிற புள்ளி தோட்டத்தில் இல்லை. அவள் போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"கருப்பன் இங்க நிக்கறான்னு காட்டுதுங்ணா. இந்த எடத்துல. நீங்க நிக்கற எடத்துல."

எல்லோரும் அவருடைய காலடியைப் பார்த்தார்கள். அங்கே நாய் இல்லை. கதிர்நாயகம் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு வில்லையை எடுத்தார். உள்ளங்கையில் அது பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"செத்து ஏழு வாரம் ஆச்சு" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "வாயில நொர தள்ளிச் செத்துச்சு. சாகறதுக்கு முந்தி இந்தக் கண்டக்டரையும் பொரட்டிப் போட்டுக் கடிச்சுது. தென்னைக்கு அடியில பொதச்சுட்டேன். வில்ல ஒரே எடத்துல கெடந்தா ஆபீசுல வந்து கேப்பாங்க. அதான் பையில போட்டுட்டு நடந்தேன். நடக்கறது நாயின்னு மெசின் நெனச்சுக்குச்சு."

"உங்களயும் கடிச்சுதுங்களாண்ணா?"

அவர் இடது கையை விரித்தார். கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வெளுத்த தழும்பு. எப்போதோ ஆறிவிட்டது.

"சோறு வெக்கப் போனேன். நான் பதிஞ்சிருந்தா எல்லாரும் பதிவீங்க. மேட்டுத் தெரு மாதிரி ஆயிருமேன்னு பயந்துட்டேன். பச்சதான எரியுதுன்னு நானும் என்னயவே நம்ப வெச்சுக்கிட்டேன் கண்ணு."

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்ட வாயெடுத்த மனோகரன் தன் முழங்கையைப் பார்த்துக்கொண்டான். கதிர்நாயகமே போனை வாங்கித் தழும்பைப் படம் பிடித்தார். ஆறாவது புகாரை அவர் விரல்தான் அழுத்தியது.

பாலத்துக்கு அடியில் சிவப்பு எரிந்தது. தெருவில் இருந்த மற்ற நாய்களின் காதிலும் எரிந்தது. கதிர்நாயகத்தின் உள்ளங்கையில் செத்த நாயின் வில்லையும் சிவப்பாக மாறியது.

ஒரு மணி நேரத்தில் தெருமுனையில் கட்டை போட்டார்கள். கூண்டு வண்டி ஒன்று வந்தது. கடிபட்டவர்களையும், கூடத் துணைக்குக் கோகிலவாணியையும் ஆஸ்பத்திரி வண்டி ஏற்றிப் போனது. இன்பவல்லி எண்ணைத் தட்டியதும் குளிர்பெட்டி 'டக்'கென்று வாயைத் திறந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கோகிலவாணிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. முதலில் திருமூர்த்திக்கு. காயத்தைச் சுற்றி மருந்தை ஏற்றி, கையில் ஓர் ஊசி.

"ஐயோ, நாய் கடிச்சதே தேவல போலிருக்குதே!" என்று அவர் அலறினார்.

"சும்மா இருங்க. இன்னும் மூணு இருக்குது" என்றாள் அவள், சிரிப்பும் அழுகையுமாக. "நான் வந்து எண்ணிப் பாப்பேன்."

"பாப்ப பாப்ப. நீ பாக்காம யாரு பாக்கறது."

கடைசியாகக் கதிர்நாயகம் ஸ்டூலில் உட்கார்ந்தார். கடித்து எத்தனை நாள் என்று கேட்டாள் இன்பவல்லி. நாற்பத்தொன்பது என்றார். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. டாக்டரை ஒரு தடவை பார்த்தாள். டாக்டர் போடுங்க என்று தலையசைத்தார். போட்டாள். வலித்ததாகக் கதிர்நாயகம் காட்டிக்கொள்ளவில்லை.

"காய்ச்சல் வரலாமுங்க. இந்த மாத்திரைய இப்பவே போட்டுக்கங்க" என்று டம்ளரில் தண்ணீர் ஊற்றி நீட்டினாள்.

அவர் மாத்திரையை வாங்கிக்கொண்டார். டம்ளரை வாங்கவில்லை. கோகிலவாணி அதைத் தன் கையில் வாங்கி அவர் பக்கத்தில் கொண்டுபோனாள். ஒருவேளை கூச்சமாக இருக்கலாம். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்று இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனதுக்குள் மன்றாடினாள்.

"ஒரு வாய் மட்டும் குடிங்கண்ணா."

கதிர்நாயகம் டம்ளருக்குள் பார்த்தார். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வெச்சுட்டுப் போ கண்ணு" என்றார். "அப்பறமாக் குடிச்சுக்கறேன்."